ஒரே பெஞ்சின் நான்கு கால்கள்

வாசலில் மழையிலும் வெயிலிலும் கிடந்த பெஞ்ச் போன மாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புரட்டிப் போட்டுப் பார்த்தால் நான்கு கால்களில் இரண்டு அடியில் ஈரப் பஞ்சு மாதிரி ஆகியிருக்கின்றன, திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினாலே இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போகிறது. மற்ற இரண்டும் தட்டினால் டொக்கென்று சத்தம் வருகிற அளவுக்குக் கெட்டியாக நிற்கின்றன. நான்கையும் ஒரே நாளில், பைன் என்று சொல்லிக் கொடுத்த ஒரே கட்டுச் சட்டங்களில் இருந்துதான் அறுத்தேன். நான்கையும் ஒரே வாளியில், பச்சை நிறப் பாதுகாப்பு மருந்தில், ஒரு ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தேன். அதற்கப்புறம் இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் நான்கு கால்களையும் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் குறுக்காக அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கோபம் போய்விட்டது, ஏனென்றால் பதில் கண்ணெதிரே இருந்தது. நல்ல கால்கள் இரண்டிலும் பச்சை நிறம் வெளி ஓரத்தில் இருந்து உள்ளே நன்றாக இறங்கி, நடுவில் இருந்த செம்பழுப்பு நிற வைரத்தின், அதாவது முற்றிய உள்மரத்தின், எல்லையில் போய் நின்றிருந்தது. அழுகிய கால்களில் பச்சை, பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டது போல, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகவில்லை. உள்ளே முழுக்க ஒரே வெளுப்பு, வைரம் எது வெளிமரம் எது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. மருந்து ஒன்றுதான், வாளியும் ஒன்றுதான். மரம்தான் வேறு. நல்ல கால்கள் பைன், அழுகியவை ஸ்புரூஸ்.

இந்த இரண்டும் ஒரே குடும்பம்தான். பைன், ஸ்புரூஸ், ஃபிர், லார்ச், ஹெம்லாக், டக்ளஸ் ஃபிர், தேவதாரு எல்லாமே பைன் குடும்பத்தில் அடக்கம், ஊசியிலை, கூம்புக் காய், வெளிர் நிற மரம் என்று தூரத்தில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். அதனால்தான் விற்கிற இடத்தில் எல்லாவற்றுக்கும் பைன் என்ற ஒரே பெயர் ஒட்டிக்கொள்கிறது. வட அமெரிக்காவில் ஸ்புரூஸ், பைன், ஃபிர் மூன்றையும் கலந்து எஸ்.பி.எஃப். என்ற ஒரே முத்திரையில் விற்பதே வழக்கம், ஹெம்லாக்கையும் ஃபிர்களையும் சேர்த்து ஹெம்-ஃபிர் என்று இன்னொரு வகை. கூரைக்குச் சட்டம் அடிக்கிறவருக்கு இது போதும், வலிமையில் அவை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஈரத்தில் நிற்கப்போகிற ஒரு காலுக்கு இது போதாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு புதுப் பிளேடும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸும் போதும். பலகையின் வெட்டு முனையை, அதாவது வளையங்கள் தெரியும் பக்கத்தை, பிளேடால் மெல்லச் சீவி வழுவழுப்பாக்க வேண்டும், ரம்பம் அறுத்த முனையில் ஒன்றும் தெரியாது, எல்லாம் நைந்து கிடக்கும். சீவிய இடத்தில் விரலால் கொஞ்சம் ஈரம் தொட்டு வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு வளையத்திலும் வசந்தத்தில் வேகமாக வளர்ந்த வெளிர் பட்டை ஒன்று, கோடையின் கடைசியில் நிதானமாக வளர்ந்த அடர் நிறப் பட்டை ஒன்று. பைனாக இருந்தால் அந்த அடர் பட்டையை ஒட்டி, ஊசி முனையால் குத்தியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் நிறையத் தெரியும். அவைதான் பிசின் குழாய்கள். பழகிவிட்டால் லென்ஸ்கூட வேண்டாம், பலகையின் நீளப் பக்கத்தில் இதே குழாய்கள் மெல்லிய பழுப்புக் கீறல்களாக ஓடுவது வெறும் கண்ணுக்கே தெரியும். ஸ்புரூஸிலும் பிசின் குழாய் உண்டு, ஆனால் சின்னது, எண்ணிக்கையும் குறைவு, தேடித்தான் பிடிக்க வேண்டும், சில சமயம் இரண்டு மூன்று ஒட்டி வரிசையாக நிற்கும். ஃபிரில் குழாயே கிடையாது. வளையத்துக்கு வளையம் சீவிப் பார்த்தாலும் ஒரு புள்ளி இருக்காது.

பிசின் என்பது மரத்தின் ஆயுதம். மரப்பட்டையைத் துளைத்து உள்ளே வரப் பார்க்கிற வண்டை அந்தப் பிசின் வெள்ளத்தில் மூழ்கடித்து வெளியே தள்ளும், அப்புறம் இறுகிக் காயத்தை மூடும். இந்த ஆயுதத்தை எந்த மரம் எவ்வளவு வைத்துக்கொண்டது என்பதில்தான் இந்த உறவினர்கள் பிரிகிறார்கள். பைன், ஸ்புரூஸ், லார்ச், டக்ளஸ் ஃபிர் நான்கிலும் மரத்துக்குள்ளேயே இயல்பாகக் குழாய் உண்டு. ஃபிர், ஹெம்லாக், தேவதாரு மூன்றிலும் இல்லை. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எனக்கு இது தெரிய வர ரொம்ப நாள் ஆனது, அதுவரை நிறத்தையும் வாசனையையும் வைத்து ஊகம்தான் செய்துகொண்டிருந்தேன்.

மருந்து ஏன் ஒன்றில் இறங்கி மற்றதில் இறங்கவில்லை என்பதற்குக் காரணம் பிசின் இல்லை, அது இன்னும் நுணுக்கமான விஷயம், எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். ஊசியிலை மரத்தின் உடம்பில் பெரும்பகுதி சில மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழல் செல்கள்தான். ஒரு குழலில் இருந்து அடுத்ததற்குத் தண்ணீர் போக, பக்கச் சுவரில் சின்ன ஜன்னல்கள் உண்டு. ஜன்னலின் நடுவே வலை போன்ற சவ்வில் தொங்கும் ஒரு வட்ட மூடி. மரம் உயிரோடு இருக்கும்போது மூடி நடுவில் நிற்கும், அதைச் சுற்றித் தண்ணீர் போகும். மரத்தை வெட்டிக் காய வைத்தால் தண்ணீர் விலகும் இழுவையில் மூடி ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். இது பைனிலும் நடக்கும், ஸ்புரூஸிலும் நடக்கும். ஆனால் மரத்தின் வெளியில் இருந்து உள்நோக்கி ஓடும் கதிர் செல்கள் இந்தக் குழல்களைத் தொடும் இடத்தில், பைனில் பல வகைகளுக்குப் பெரிய பெரிய ஜன்னல்கள் உண்டு, மூடி இல்லாதவை. அந்த வழியாக மருந்து உள்ளே போய்விடும். ஸ்புரூஸில் அதே இடத்தில் இருப்பவை பொடிப் பொடியான துளைகள். காய்ந்த ஸ்புரூஸ், கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்ட வீடு மாதிரி. தூரிகையால் பூசினாலும் வாளியில் நிறுத்தினாலும், அழுத்தம் கொடுத்து ஏற்றினாலும்கூட அது பைன் அளவுக்குக் குடிக்காது.

பைனிலும் வெளிமரம்தான் குடிக்கும், வைரம் குடிக்காது. ஆனால் பைனின் வைரத்தில் பூஞ்சைக்கு ஒவ்வாத பொருள்கள் கொஞ்சம் சேர்ந்திருக்கும், ஸ்காட்ஸ் பைனில் இருக்கும் பைனோசில்வின் அப்படி ஒன்று. அழுகலைத் தாங்கும் திறனை ஐரோப்பியத் தரத்தில் 1 முதல் 5 வரை பிரிக்கிறார்கள், 1 மிக நல்லது, 5 மிக மோசம். ஸ்காட்ஸ் பைனின் வைரமும் லார்ச்சின் வைரமும் 3-க்கும் 4-க்கும் நடுவில், ஸ்புரூஸும் ஃபிரும் 4. வெளிமரம் எந்த மரத்தினுடையதாக இருந்தாலும் 5 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது என் நல்ல கால்களில் வெளிமரத்தை மருந்து காப்பாற்றியது, வைரம் தன்னைத் தானே ஓரளவு காப்பாற்றிக்கொண்டது. ஸ்புரூஸ் கால்களுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டங்களில் ஒன்றில் எச்.டி. என்று முத்திரை இருந்தது, ட்ரீட்மென்ட் செய்த மரம், ஒன்றும் ஆகாது என்றுதான் கொடுத்தவர் சொன்னார். அந்த முத்திரைக்குப் பொருள் வேறு. நாடு விட்டு நாடு போகிற பேக்கிங் மரத்தில் புழு பூச்சி கூடவே போய்விடக் கூடாது என்பதற்காக, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸை எட்டி 30 நிமிடம் அப்படியே இருக்கும்படி சூடாக்கியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் அது சொல்கிறது. உள்ளே இருந்த புழு செத்திருக்கும், அவ்வளவுதான், நாளைக்கு ஈரம் பட்டால் அழுகாது என்ற உத்தரவாதம் அதில் துளியும் இல்லை. இதைத் தெரியாமல் எத்தனை பேர் பேக்கிங் மரத்தில் தொட்டியும் வேலியும் செய்துகொண்டிருக்கிறார்களோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மரத்தை நின்ற நிலையில் பார்க்கக் கிடைத்தால் அடையாளம் காண்பது இதைவிட எளிது. பைனில் ஊசிகள் கட்டுக் கட்டாக வரும், ஒரு கட்டுக்கு இரண்டு, மூன்று அல்லது ஐந்து. ஸ்புரூஸில் ஒவ்வொரு ஊசியும் தனி, விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினால் உருளும், ஏனென்றால் அதற்கு நான்கு பக்கம். ஊசி உதிர்ந்த இடத்தில் சின்ன முளை மாதிரி ஒரு காம்பு நின்றுவிடும், அதனால் பழைய ஸ்புரூஸ் குச்சியை உருவினால் கை சொரசொரக்கும். ஃபிர் ஊசி தட்டை, உருளாது, உதிர்ந்தால் குச்சியில் வட்டமான தழும்பு மட்டும்தான் மிஞ்சும், குச்சி வழவழப்பாக இருக்கும். காயும் அப்படித்தான். ஸ்புரூஸ் காய் கீழ்நோக்கித் தொங்கி முழுசாக விழும், ஃபிர் காய் கிளை மேல் மெழுகுவத்தி மாதிரி நிமிர்ந்து நின்று, பழுத்ததும் அங்கேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். அதனால் ஃபிர் மரத்தடியில் முழுக் காயை அனேகமாகப் பார்க்கவே முடியாது, அணில் கடித்துப் போட்டால்தான் உண்டு.

அறுத்துக் காய வைத்த பலகையாக வந்துவிட்டால் ஊசியும் இல்லை, காயும் இல்லை. அப்போது உதவுவது கணுக்கள். பைன் ஒவ்வொரு வருடமும் ஒரே மட்டத்தில் சுற்றிலும் கிளை விடும், அந்த மட்டத்துக்கும் அடுத்த மட்டத்துக்கும் இடையில் தண்டு சுத்தமாக இருக்கும். பலகையில் பார்த்தால் ஓரிடத்தில் கணுக் கூட்டம், அப்புறம் ஒரு நீளத்துக்கு ஒன்றுமே இல்லை, மறுபடி கூட்டம். ஸ்புரூஸ் நடுநடுவே மெல்லிய குச்சிகளும் விடும், அதனால் பெரிய கணுக்களுக்கு இடையில் பொடிக் கணுக்கள் மிளகைத் தூவியது போலக் கிடக்கும். இந்தப் பொடிக் கணுக்கள் கல் மாதிரி, இழைப்புளியின் கூரான வாயை ஒரே இழுப்பில் பல் பல்லாக உடைத்துவிடும், கருப்பு வளையத்தோடு இருப்பவை காய்ந்ததும் கழன்றே விழுந்துவிடும். பைனின் கணுவில் தொல்லை வேறு மாதிரி. பிசின் நிறைந்திருப்பதால் மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் சில மாதத்தில் மஞ்சளாகக் கசிந்து வெளியே தெரியும், முதலில் கணு மேல் அரக்குப் பாலிஷ் இரண்டு கோட் கொடுத்துவிட்டுப் பெயின்ட் அடிப்பதே நல்லது. காய வைக்கும் சூளையிலேயே சூட்டை 70 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் பிசினில் ஆவியாகும் பகுதி போய் மீதி இறுகிவிடும், அப்படி வந்த பைன் அவ்வளவாகக் கசியாது.

டக்ளஸ் ஃபிருக்கு வருகிறேன், பெயரால் இவ்வளவு குழப்பம் செய்த மரம் வேறு இல்லை. பெயரில் ஃபிர் இருக்கிறது, ஃபிர் இல்லை. பழைய வியாபாரப் பெயர் ஓரிகான் பைன், பைனும் இல்லை. அறிவியல் பெயரான சூடோட்சுகா என்பதற்குப் போலி ஹெம்லாக் என்று பொருள், ஹெம்லாக்கும் இல்லை. தாவரவியலாளர் ஆர்ச்சிபால்ட் மென்சீஸ் 1790-களில் கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவர் தீவில் இதைப் பார்த்து எழுதி வைத்தார், இன்னொரு தாவரவியலாளர் டேவிட் டக்ளஸ் 1827-இல் விதையைப் பிரிட்டனுக்கு அறிமுகப்படுத்தினார், கடைசியில் பொதுப்பெயர் டக்ளஸுக்கும் அறிவியல் பெயரின் இரண்டாம் பாதியான இனப்பெயர் மென்சீஸுக்கும் போனது. தாவரவியலாளர்கள் இதைப் பைனிலும் ஃபிரிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, 1867-இல்தான் இதற்குத் தனிப் பேரினம் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊசி ஃபிர் மாதிரி தட்டை, காய் ஸ்புரூஸ் மாதிரி தொங்கும், மரத்துக்குள் பிசின் குழாய் உண்டு. காயைக் கையில் எடுத்தால் மட்டும் சந்தேகமே வராது. ஒவ்வொரு செதிலுக்கு அடியில் இருந்தும் மூன்று நுனியாகப் பிரிந்த ஒரு நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், செதிலுக்குள் நுழைந்த சுண்டெலியின் பின்கால்களும் வாலும் மாதிரி.

இதன் மரம் எனக்கு மிகவும் பிடிக்கும். வைரம் ஆரஞ்சு கலந்த செம்பழுப்பு, அடர் பட்டையும் வெளிர் பட்டையும் கத்தியால் வெட்டியது போலப் பிரிந்து நிற்கும், பைனின் பல வகைகளைவிட உறுதி. பழைய கட்டடத்தில் இருந்து பிரித்த டக்ளஸ் ஃபிர் உத்தரம் ஒன்றை இழைத்தபோது, இழைப்புளி நல்ல கூராக இருந்தும் அடர் பட்டைக்கு வரும்போது ஒரு முனகல், வெளிர் பட்டைக்குப் போனதும் அமைதி, மறுபடி முனகல் என்று ஒரு தாளம் போலவே கேட்டது. உப்புத்தாள் போடுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். வெறும் கையால் தேய்த்தால் தாள் மென்மையான பட்டையைத் தின்றுவிட்டுக் கெட்டியான பட்டையை விட்டுவிடும், கடைசியில் பலகை அலை அலையாக ஆகிவிடும். தட்டையான கட்டையில் தாளைச் சுற்றித் தேய்ப்பதுதான் வழி, அதைவிட நல்லது இழைப்புளியோடு நிறுத்திக்கொள்வது.

லார்ச் இதோடு எளிதில் குழம்பும், அதுவும் செம்பழுப்பு, அதிலும் பட்டைகள் கூர்மையாகப் பிரியும். குழப்பம் தீர நுண்ணோக்கி வேண்டும். டக்ளஸ் ஃபிரின் குழல் செல்களின் உட்சுவரில் சுருள் கம்பி சுற்றியது போன்ற தடிப்பு இருக்கும், லார்ச்சில் அது வழக்கமாக இருக்காது. காட்டில் என்றால் சுலபம், இந்தக் குடும்பத்தில் இலையுதிர்காலத்தில் பொன்மஞ்சளாகி ஊசிகளை மொத்தமாக உதிர்க்கிறது லார்ச்தான், கூடவே சீனாவில் வளரும் வேறொரு மரம். குளிர்காலத்தில் வெறும் குச்சியாக நிற்பதைப் பார்த்துப் பட்டுப்போன மரம் என்று நினைத்துவிட வேண்டாம். கன மீட்டருக்கு 575 கிலோ அளவில், ஸ்புரூஸின் 400 சொச்சத்தோடு ஒப்பிட்டால் நல்ல கனம். ஆணி அடித்தால் பிளக்கும், முதலில் துளை போட்டுக்கொள்ள வேண்டும்.

தேவதாருவைப் பற்றிச் சொல்லும்போது சீடர் என்ற பெயரையும் சொல்ல வேண்டும். உண்மையான சீடர் என்பது இமயத்தின் தேவதாரு, லெபனான் சீடர், அட்லஸ் மலைச் சீடர் போன்றவை மட்டுமே. மரக்கடையில் வெஸ்டர்ன் ரெட் சீடர் என்று வருவது பைன் குடும்பமே இல்லை, சைப்ரஸ் குடும்பத்துத் தூயா. இரண்டிலும் பிசின் குழாய் கிடையாது, இரண்டும் மணக்கும், மணம் வைரத்தில் ஊறியிருக்கும் பொருள்களில் இருந்து வருவது, அதே பொருள்கள்தான் பூஞ்சையையும் விரட்டுகின்றன. ஆனால் தேவதாரு கனமான, எண்ணெய்ப் பிடிப்புள்ள மரம், தூயா கன மீட்டருக்கு 370 கிலோ அளவில் மிக லேசானது, நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். இரும்பு ஆணி அடித்தால் சுற்றிலும் கருநீலக் கறை இறங்கும், அதற்குத் துருப்பிடிக்காத எஃகு ஆணிதான் சரி.

இதையெல்லாம் படித்துவிட்டு ஸ்புரூஸ் மட்டமான மரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அது எனக்குத் தாங்காது. வயலினின் மேல் பலகை ஸ்புரூஸ், பியானோவின் நாதப் பலகை ஸ்புரூஸ், பெரும்பாலான கிதார்களின் முகமும் ஸ்புரூஸ்தான். இத்தாலியின் வடக்கே ஃபியெம்மே பள்ளத்தாக்கில், உயரத்துக் குளிரில் மெல்ல மெல்ல வளர்ந்து நெருக்கமான வளையங்களோடு நிற்கும் ஸ்புரூஸ்களை வயலின் செய்பவர்கள் நூற்றாண்டுகளாகத் தேடிப் போயிருக்கிறார்கள். ரைட் சகோதரர்கள் 1903-இல் பறக்கவிட்ட விமானத்தின் சட்டகத்தில் ஸ்புரூஸ் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் அதன் விறைப்பு அபாரம், இழை நேராக ஓடும், அடர் பட்டைக்கும் வெளிர் பட்டைக்கும் மாற்றம் மென்மையாக இருக்கும், அதிர்வு இழையோடு சேர்ந்து வேகமாகப் பயணிக்கும். கணு இல்லாத ஒரு ஸ்புரூஸ் பலகையை ஒரு முனைக்குக் கொஞ்சம் உள்ளே இரண்டு விரலால் தொங்கவிட்டு நடுவில் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். அதே அளவு பைன் பலகை டப்பென்று அடங்கும். அப்படிப்பட்ட மரத்தை நான் சேற்றில் நிறுத்தினேன், தப்பு மரத்தின் பேரில் இல்லை.

பெஞ்சுக்கு இப்போது புதுக் கால்கள் போட்டாகிவிட்டது. அந்த உத்தரத்தில் மிஞ்சிய டக்ளஸ் ஃபிரில், வெளிமரம் முழுவதையும் சீவித் தள்ளிவிட்டு வைரத்தை மட்டும் எடுத்துச் செய்தேன், ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தட்டைக் கல், தண்ணீர் நிற்காமல் ஓட. பழைய கட்டில் மீதி இருந்த ஏழு சட்டங்களையும் வெட்டு முனை சீவி லென்ஸில் பார்த்து சாக்பீஸால் எழுதி வைத்தேன். மூன்று பைன், மூன்று ஸ்புரூஸ். ஸ்புரூஸில் ஒன்று நன்றாக ஒலிக்கிறது, அதை வேறு எதற்கும் தொடப் போவதில்லை.

ஏழாவதில் ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. வெளுப்பு, பளபளப்பு இல்லாத ஒரு சாம்பல் சாயல், வாசனை இல்லை, வளையத்துக்கு வளையம் ஒரு குழாய்கூட இல்லை, ஃபிர் என்று எழுதப் போனவன் வெளி ஓரத்தில் இருந்து எண்ணி பதினொன்றாவது வளையத்தில் நின்றுவிட்டேன். அந்த ஒரே வளையத்தில் மட்டும், பாசிமணி கோத்தது போல, பிசின் குழாய்கள் வரிசையாக நிற்கின்றன. குழாய் இல்லாத மரங்கள்கூடக் காயம் பட்டால் அந்த இடத்தைச் சுற்றி அந்த வருடம் இப்படி ஒரு வரிசை போட்டுக்கொள்ளும். என்ன பட்டது, பனி பிளந்ததா, பக்கத்து மரம் விழுந்து உரசியதா, பலகையில் அது இல்லை. அடுத்த வளையத்தில் ஒரு புள்ளிகூட இல்லை, பழையபடி சுத்தமாக வளர்ந்திருக்கிறது. ஃபிர் அல்லது ஹெம்லாக் என்று எழுதி, அந்த வளையத்துக்கு நேராகச் சின்னதாக ஒரு அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.